எலக்ட்ரான் எழுதும் ஒளிக் கணக்கு
(பாடநூல் அதிகாரம் ஒன்றைப் பற்றிய விமர்சனம்)



மேலூரை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியில் ஒரு நாள் மாலை ஒளிமின் விளைவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உலோகத் தகட்டின் மீது ஒளி படுகிறது. எலக்ட்ரான் வெளியே வருகிறது. கரும்பலகையில் படம் வரைந்து முடித்ததும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், ஒளி பட்டா எலக்ட்ரான் வருதுன்னு படிச்சோம். எலக்ட்ரான் ஓடி ஒளி வந்தா, எத்தனை ஃபோட்டான் வந்துச்சுன்னு எண்ண முடியுமா?"

வகுப்பு சிரித்தது. "அது பாடத்தில் இல்லையம்மா" என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையெல்லாம் நல்ல பதிலாகிவிடுவதில்லை. அவள் கேட்ட கேள்வியைத்தான் உலகின் சில ஆய்வுக் கூடங்கள் கடந்த சில ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த மாணவிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்ல முயல்கிறேன். அதற்கு முன், அந்தப் பதில் ஏன் நம் பாடத்தில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். எனவே இது ஒரு விமர்சனமாகவும் அமைகிறது.

அதிகாரமும் அதன் சிறப்பும்

நாம் எடுத்துக்கொள்வது மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியலில் வரும் "கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு" என்ற பகுதி. உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வகைகள், ஒளிமின் விளைவு, ஐன்ஸ்டைனின் விளக்கம், டி பிராய் அலை, டேவிசன்-ஜெர்மர் சோதனை, எலக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ்-கதிர் என்று இப்பகுதி செல்கிறது. ஒரு காலத்தில் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைத்த செய்திகள் இன்று உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் தமிழில் படிக்கக் கிடைக்கின்றன. இது சிறிய சாதனையன்று. படங்களும் கணக்குகளும் சீராக உள்ளன. இதைக் குறை சொல்லுமுன் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி எல்லாம் அடுக்களையில் வரிசையாக இருக்கின்றன, உலைதான் ஏற்றப்படவில்லை. எலக்ட்ரானைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் தனித்தனியே சொல்லும் இப்பகுதி, அவ்விரண்டும் ஒன்றை ஒன்று எப்படிக் கணக்கெடுக்கின்றன என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. இதனால் மூன்று தவறான எண்ணங்கள் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் எண்ணம்: ஒளிமின் விளைவே ஃபோட்டானுக்குச் சான்று

"ஒளி துகள்களால் ஆனது என்பதை ஒளிமின் விளைவு நிரூபிக்கிறது." தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பொது அறிவியல் கட்டுரைகளிலும் இதையே படிக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

ஐன்ஸ்டைன் 1905-இல் கூறியது மிகத் துணிவான கருத்து. ஒளி தன் ஆற்றலைத் தவணை தவணையாகத்தான் கொடுக்கும், ஒவ்வொரு தவணையும் அதிர்வெண்ணுக்கு ஏற்ற அளவுடையது என்றார் அவர். அக்கருத்து வென்றது. ஆனால் "கருத்து சரி" என்பது வேறு. "இந்தச் சோதனை அதை நிரூபித்தது" என்பது வேறு. கிரெகோர் வென்ட்சல் 1920-களிலேயே ஒரு கணக்கைச் செய்து காட்டினார். 1960-களின் இறுதியில் வில்லிஸ் லாம்பும் மார்லன் ஸ்கல்லியும் அதை இன்னும் தெளிவாக்கினார்கள். உலோகத்தின் எலக்ட்ரானுக்கு மட்டும் குவாண்டம் விதியைப் பொருத்திவிட்டு, ஒளியைப் பழைய அலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தொடக்க அதிர்வெண் வந்துவிடுகிறது. நேர்கோட்டு வரைபடமும் வந்துவிடுகிறது. காலத் தாமதமின்றி எலக்ட்ரான் வெளிவருவதும் வந்துவிடுகிறது! ஆற்றல் தவணையாகக் கைமாறுகிறது என்பதைத்தான் ஒளிமின் விளைவு உறுதியாகச் சொல்கிறது. கொடுப்பவன் பையிலும் சில்லறை அப்படியே தனித்தனியாக இருந்ததா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் ஃபோட்டானுக்கு நேரான சான்று எது? எண்ணிப் பார்ப்பதுதான். மிக மங்கிய ஒளியைப் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் விழச் செய்யுங்கள். கண்ணாடியின் இரு பக்கமும் ஓர் உணர்கருவி வையுங்கள். ஒளி அலைதான் என்றால் அது இரண்டாகப் பிரியும். இரண்டு கருவிகளும் சில வேளை ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். ஒரே ஒரு ஃபோட்டான் என்றால் ஒன்று ஒலிக்கும்போது மற்றது மௌனமாக இருக்க வேண்டும். 1977-இல் கிம்பிள், டாகெனே, மாண்டல் ஆகியோர் தனி அணுக்கள் உமிழ்ந்த ஒளியில் ஃபோட்டான்கள் ஒன்றை ஒன்று விலகி வருவதைக் கண்டனர். 1986-இல் பிரான்ஸில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகியோர் மேலே சொன்ன கண்ணாடிச் சோதனையைத் தனி ஃபோட்டான்களைக் கொண்டு செய்து காட்டினர். 1905-க்கும் 1986-க்கும் இடையே எண்பத்தோரு ஆண்டுகள்! அந்த எண்பத்தோரு ஆண்டுகளையும் ஒரு வாக்கியத்தில் மூடிவிட்டால், அறிவியல் எப்படி நடக்கிறது என்பதே மாணவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் எண்ணம்: எல்லா ஒளியும் ஒரே கணக்கு

ஃபோட்டான் என்றதும் நம் மனத்தில் கடுகு மணிகள் பறப்பது போன்ற காட்சி தோன்றுகிறது. "ஒளித்துகள்" என்ற தமிழ்ச் சொல்லும் அதற்குத் துணை போகிறது. எல்லா ஒளியிலும் கடுகு பறக்கிறது. வெளிச்சம் கூடினால் கடுகு கூடுகிறது. அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஒளியின் உண்மையான வேறுபாடு கடுகு எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மதுரையில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுவது எளிது. அரை மணி நேரம் ஒன்றும் வராது. வந்தால் மூன்று பேருந்து சேர்ந்து வரும். சாதாரண விளக்கின் ஒளி இப்படித்தான் கொத்துக் கொத்தாக வருகிறது. தகரக் கூரையில் தூறல் விழுவதைக் கேளுங்கள். ஒரு துளி விழுந்தது அடுத்த துளியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கொத்தும் இல்லை, ஒழுங்கான இடைவெளியும் இல்லை. நல்ல லேசரின் ஒளி இப்படி. சுங்கச்சாவடியின் தடுப்பைக் கடக்கும் வண்டிகளைப் பாருங்கள். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, அல்லது "சரியாக மூன்று" என்று எண்ணி வைத்தாற்போல் வரும் ஒளியும் உண்டு. முதல் இரண்டையும் பழைய அலைக் கொள்கையாலேயே விளக்கிவிடலாம். மூன்றாவதை விளக்க முடியாது. அதைத்தான் குவாண்டம் ஒளி என்று சிறப்பாக அழைக்க வேண்டும்.

இந்த எல்லைக் கோட்டைத் துல்லியமாக வரைந்தவர்களில் ஒருவர் நமக்கு அயலவர் அல்லர். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931-இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ. சி. ஜி. சுதர்சன்தான் அவர். எந்த ஒளியையும் லேசர் போன்ற தூய அலைகளின் கலவையாக எழுதலாம் என்று 1963-இல் அவர் காட்டினார். விளக்கின் ஒளிக்கு அந்தக் கலவையில் சேரும் பங்குகள் எல்லாம் நேர் எண்களாக இருக்கும். அரைப்படி இது, கால்படி அது என்று அளந்து கலக்கலாம். ஆனால் சில வகை ஒளிக்குப் பங்குகள் எதிர் எண்களாக வந்துவிடும். "கழித்தல் அரைப்படி அரிசி" என்று எந்தக் கடையில் அளப்பார்கள்? அளக்க முடியாத அந்தப் பங்குதான் அந்த ஒளி பழைய கொள்கைக்குள் அடங்காது என்பதற்கு அடையாளம். இதே துறையில் பணி செய்த அமெரிக்கர் ராய் கிளௌபருக்கு 2005-இல் நோபல் பரிசின் பாதி கிடைத்தது. சுதர்சன் விடுபட்டார், அது பற்றித் தம் எதிர்ப்பையும் எழுதினார். 1980-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அவர் 2018-இல் மறைந்தார். ஒளியின் குவாண்டம் தன்மையைப் படிக்கும் தமிழ் மாணவர் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மூன்றாம் எண்ணம்: கட்டுறா எலக்ட்ரான் என்றால் கம்பியில் ஓடுவது

"கட்டுறா எலக்ட்ரான்" என்ற சொல் செம்புக் கம்பிக்குள் ஓடும் எலக்ட்ரானுக்கும், வெற்றிடத்தில் பறக்கும் எலக்ட்ரானுக்கும் பொதுவாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. பட்டிக்குள் அடைத்த ஆடுகளும் பட்டிக்குள் விருப்பம்போல் திரியத்தான் செய்கின்றன. அதற்காக அவற்றை மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் என்போமா? உலோகத்தின் மேற்பரப்பு ஒரு வேலி. அதைத் தாண்ட வெளியேற்று ஆற்றல் வேண்டும். வேலி தாண்டி வெற்றிடத்துக்கு வந்த எலக்ட்ரானைத்தான் இனி இங்கே கட்டற்ற எலக்ட்ரான் என்கிறோம்.

இந்த வேலியையும் ஒளியின் கணக்கையும் ஆராய்ந்த ஒருவரை மதுரை நன்கு அறியும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன்தான் அவர். 1928-இல் கொல்கத்தாவில் இராமனோடு சேர்ந்து அவர் கண்டது என்ன? திரவத்துக்குள் புகுந்த ஒளி சிறிது ஆற்றலை இழந்து நிறம் மாறி வெளிவந்தது. இழந்த அளவைப் பார்த்து, மூலக்கூறு எவ்வளவு பெற்றது என்று அறிந்தார்கள். இழப்பைப் பார்த்து வரவை அறியும் கணக்கு இது. பிற்காலத்தில், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தபோது, சூடான பொருள்களிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வெப்ப அயனி உமிழ்வை அவர் ஆராய்ந்தார். ஒளிச் சிதறலும் எலக்ட்ரான் உமிழ்வும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்தன. நம் பாடத்தில் மட்டும் அவை வெவ்வேறு பக்கங்களில் நின்றுவிடுகின்றன.

எலக்ட்ரான் ஒளி தரும் வழிகள்

கட்டற்ற எலக்ட்ரான் ஒளி தருவது புதிதன்று. எக்ஸ்-கதிர்க் குழாயில் வேகமாக வரும் எலக்ட்ரான் இலக்கில் மோதி வேகம் இழக்கிறது. இழந்ததில் ஒரு பகுதி எக்ஸ்-கதிராகிறது. இது பாடத்திலேயே இருக்கிறது. நீரில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி எலக்ட்ரான் பாய்ந்தால் நீல ஒளி எழுவதைச் செரன்கோவ் 1934-இல் கண்டார். நுண்ணிய வரிகள் கீறிய உலோகத் தகட்டின் மேல் உரசுவது போல் எலக்ட்ரான் பறந்தால் ஒளி பிறக்கும் என்பதை 1953-இல் ஸ்மித்தும் பர்செலும் காட்டினர். நம் நாட்டில் இந்தூரில் இன்டஸ்-1, இன்டஸ்-2 என்ற இரு வளையங்கள் உள்ளன. இன்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். அதில் 250 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான்கள் வளைந்து ஓடும்போது எக்ஸ்-கதிர் வெளிப்படுகிறது.

இத்தனை ஒளியும் எந்த வகை? விளக்கு வகையா, லேசர் வகையா, எண்ணி வைத்த வகையா? கிளௌபர் 1963-இல் ஒரு முக்கியமான முடிவைச் சொன்னார். ஒளியைக் கொடுத்ததால் தனக்கு ஏற்பட்ட பின்னுதைப்பை உணராத மின்னோட்டம் தருவது எப்போதும் லேசர் வகைக் கணக்கையே கொண்டிருக்கும். பெரிய செல்வந்தர் பத்து ரூபாய் தானம் செய்தால் அவர் கணக்கில் அது தெரிவதில்லை அல்லவா? அதுபோலக் கோடிக்கணக்கான எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் ஒரு சிறு ஃபோட்டானை இழந்ததைப் பொருட்படுத்துவதில்லை; நாமும் அதைப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த ஒளி எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், எண்ணிக்கைக் கணக்கில் சாதாரண ஒளிதான்.

அப்படியானால் எலக்ட்ரானிடமிருந்து குவாண்டம் ஒளியைப் பெற வழியே இல்லையா? உண்டு. தானம் கொடுத்தவரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

நடத்துநரின் சீட்டுக் கட்டு

காகிதச் சீட்டுக் கொடுத்த காலத்துப் பேருந்து நடத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியார் நிலையத்தில் வண்டி கிளம்பும்போது கட்டில் நூறு சீட்டு. திருமங்கலத்தில் இறங்கும்போது தொண்ணூற்றேழு. எத்தனை பேர் சீட்டு வாங்கினார்கள்? வண்டிக்குள் எட்டிப் பார்க்காமலே "மூன்று" என்று சொல்லிவிடலாம்.

எலக்ட்ரானின் ஆற்றல்தான் அந்தச் சீட்டுக் கட்டு. கிளம்பும்போது அதன் ஆற்றல் இவ்வளவு என்று திட்டமாகத் தெரிந்தால், வழியில் கொடுத்த ஃபோட்டான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு குறையும். முடிவில் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால் பிறந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கை தெரியும். இது கிருஷ்ணன் அறிந்த அதே கணக்கு: இழப்பைப் பார்த்து வரவை அறிதல். அங்கே இழந்தது ஒளி, பெற்றது மூலக்கூறு. இங்கே இழப்பது எலக்ட்ரான், பிறப்பது ஒளி.

சொல்வது எளிது, செய்வது கடினம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எலக்ட்ரானின் ஆற்றல் ஒரு லட்சம், இரண்டு லட்சம் எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும். கண்ணாடியிழைத் தொலைத்தொடர்பில் பயன்படும் ஒளியின் ஒரு ஃபோட்டானோ ஏறத்தாழ 0.8 எலக்ட்ரான்வோல்ட்தான். இரண்டு லட்ச ரூபாய்க் கட்டில் எண்பது காசு குறைந்ததைக் கண்டுபிடிப்பது போன்றது இது. கட்டில் முதலில் எவ்வளவு இருந்தது என்பதிலேயே ஒரு ரூபாய் ஐயம் இருந்தால் எல்லாம் வீண்.

இங்கேதான் பாடத்தில் பட்டியலாக நிற்கும் "எலக்ட்ரான் உமிழ்வின் வகைகள்" உயிர் பெறுகின்றன. சூடான டங்ஸ்டன் இழையிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேலாகச் சிதறிக் கிடக்கும். கூரிய முனையில் வலுவான மின்புலம் கொடுத்து இழுக்கும் புல உமிழ்வில் அந்தச் சிதறல் அரை எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு இறங்கும். எண்பது காசை எண்ண எந்த உமிழ்வு உதவும்? இப்படிக் கேட்டால் வகைப்பாடு மனப்பாடச் சுமையாக இராது. மாணவரே காரணம் சொல்வார். "வெப்ப அயனி உமிழ்வு - வரையறு" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

எண்ணிக் காட்டியவர்கள்

ஆய்வுக் கூடத்தில் இது படிப்படியாக நடந்தது. முதலில் எதிர்த் திசையில் வந்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் அகமது சுவைலின் குழு, நுண்பொருள் ஒன்றின் அருகே லேசர் ஒளி பாயும்போது எலக்ட்ரானைச் செலுத்தியது. எலக்ட்ரானின் ஆற்றல் ஏணிப் படிகள் போல் ஏறியும் இறங்கியும் காணப்பட்டது. ஒவ்வொரு படியும் சரியாக ஒரு ஃபோட்டான் அளவு. சீட்டுக் கட்டில் முழுச் சீட்டுகள்தான் கூடும், குறையும் என்பது இதனால் கண்கூடாயிற்று.

2022-இல் கோட்டிங்கன் நகரத்து ரோப்பர்ஸ் குழுவும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து கிப்பன்பெர்க் குழுவும் சேர்ந்து அடுத்த படியை எடுத்தன. சிலிக்கான் நைட்ரைடால் செய்த நுண்ணிய வளைய அலைவழி ஒன்றை ஒரு சில்லின் மேல் அமைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தார்கள். அந்த வளையத்தை ஒட்டி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். எலக்ட்ரான் வளையத்தைத் தொடுவதில்லை. அருகே போகும்போதே சில வேளை வளையத்துக்குள் ஒரு ஃபோட்டான் பிறக்கிறது. அந்த ஃபோட்டான் கண்ணாடியிழை வழியே உணர்கருவிக்குச் செல்கிறது. மறுபுறம் எலக்ட்ரானின் ஆற்றல் அளக்கப்படுகிறது. எண்பது காசு குறைந்த எலக்ட்ரானும், ஃபோட்டானின் வரவும் நேரத்தால் ஒத்துப்போயின. எலக்ட்ரானும் ஃபோட்டானும் இணையாகவே பிறந்தன என்பது எண்ணிக் காட்டப்பட்டது.

மேலூர் மாணவியின் கேள்விக்கு இதுதான் பதில்: எண்ண முடியும் அம்மா. எலக்ட்ரானையே கேட்டால் அது சொல்லும்.

உவமை நிற்கும் இடம்

உவமையைச் சொன்னவர் அது எங்கே முறியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

நடத்துநரின் கட்டில் எத்தனை சீட்டு இருந்தது என்று நமக்கு மறந்துபோகலாம். அது நம் அறியாமை. கட்டில் ஓர் எண் இருந்தே இருக்கும். எலக்ட்ரான் அப்படியன்று. பாடத்தில் டி பிராய் அலை என்று படித்தீர்களே, அதை இங்கே நினைவுகூருங்கள். லேசரைக் கொண்டு ஓர் எலக்ட்ரானின் அலையைச் சீர்படுத்தினால், நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று பல ஆற்றல்கள் ஒரே எலக்ட்ரானில் ஒரே நேரத்தில் மேற்பொருந்தி நிற்கும். அத்தகைய எலக்ட்ரான் ஒளியைக் கொடுத்த பின் தொண்ணூற்றேழு என்று அளந்தால் எத்தனை ஃபோட்டான் பிறந்தது? ஒன்றும் இரண்டும் மூன்றும் மேற்பொருந்திய ஒளி பிறந்தது என்பதே விடை. எந்த எலக்ட்ரானை எப்படிச் சீர்படுத்தி அனுப்புகிறோம், முடிவில் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒளியின் வடிவமே மாறும். இரு எதிரெதிர் அலைகள் மேற்பொருந்திய "பூனை நிலை" ஒளியையும், பிழை திருத்தும் குவாண்டம் கணிப்புக்கு உதவும் சில சிக்கலான நிலைகளையும் இவ்வழியில் ஆக்கலாம் என்று ஹைஃபா நகரின் டெக்னியானில் உள்ள காமினர் குழு 2023-இல் கணக்கிட்டு வெளியிட்டது.

நம்மையும் விமர்சித்துக்கொள்வோம்

"கணக்கிட்டு வெளியிட்டது" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? எண்ணிக் காட்டியது வேறு, எண்ணலாம் என்று கணக்குப் போட்டது வேறு. 2022-இன் செய்தி சோதனை. 2023-இன் செய்தி முன்மொழிவு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, "எலக்ட்ரானால் குவாண்டம் கணிப்பொறி தயார்!" என்று தலைப்பிடுவது நம்மைப் போன்ற அறிவியல் எழுத்தாளர்களின் தவறு. பாடநூல் குறைவாகச் சொல்லித் தவறுகிறது. நாமோ மிகுதியாகச் சொல்லித் தவறுகிறோம்.

தடைகளும் சிறியவையல்ல. வளையத்தை ஒட்டிப் பறக்கும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை ஒன்றுமே கொடுக்காமல் கடந்துவிடுகின்றன. பிறந்த ஃபோட்டானும் இழையிலும் இணைப்பிலும் தொலைந்துபோகலாம். எண்ணிக்கையைக் கெடுக்கும் இழப்பு ஒவ்வொன்றும் குவாண்டம் ஒளியைச் சாதாரண ஒளியின் பக்கம் இழுக்கிறது. சிறந்த நுண்ணோக்கியும், தூய வெற்றிடமும், நுட்பமான சில்லும் ஓரிடத்தில் கூடினால்தான் சோதனையே நடக்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். இந்திய அரசு 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாயை ஒப்புதல் செய்திருக்கிறது. திட்டம் 2030-31 வரை செல்கிறது. குவாண்டம் செய்தித் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்து அமைந்துள்ளது. மதுரையிலிருந்து அது ஓர் இரவுப் பயணம். அங்கே நுழையப் போகிறவர்கள் யார்? "குவாண்டம்" என்று எதை அழைக்கலாம், எதை அழைக்கக் கூடாது என்று தமிழ்வழி மாணவருக்குச் சொல்லித் தராவிட்டால், அவர் அந்தச் சொல்லை விளம்பரத்தில் மட்டுமே காண்பார். சத்து மாத்திரைக்கும் கழுத்துப் பதக்கத்துக்கும் அந்தச் சொல்லை ஒட்டி விற்பவர்கள் நாட்டில் குறைவில்லை.

என்ன செய்யலாம்?

பாடத்தைப் பெருக்க வேண்டாம். மாணவர் சுமை போதும். மூன்று சிறு திருத்தங்கள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, "ஒளிமின் விளைவு ஃபோட்டானை நிரூபிக்கிறது" என்னும் இடத்தில், "ஆற்றல் தவணையாகக் கைமாறுவதைக் காட்டுகிறது, தனி ஃபோட்டானை எண்ணிக் காட்டிய சோதனைகள் 1977-க்குப் பின் வந்தன" என்று எழுதலாம். இரண்டாவது, ஒளியைச் செறிவால் மட்டுமன்றி எண்ணிக்கை வரும் முறையாலும் வகைப்படுத்தலாம் என்று அரைப் பக்கம் சேர்த்து, அங்கே சுதர்சனின் பெயரையும் சொல்லலாம். மூன்றாவது, அதிகார இறுதியில் ஒரு கணக்குக் கொடுக்கலாம். "ஓர் எலக்ட்ரான் 2.4 எலக்ட்ரான்வோல்ட் இழந்தது. அது தரும் ஃபோட்டான் ஒவ்வொன்றும் 0.8 எலக்ட்ரான்வோல்ட் எனில், பிறந்த ஃபோட்டான்கள் எத்தனை? தொடக்க ஆற்றலில் ஒரு எலக்ட்ரான்வோல்ட் ஐயம் இருந்தால் உன் விடை என்ன ஆகும்?" இதைப் போடக் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். சிந்திக்கத்தான் சிறிது நேரம் வேண்டும்.

நண்பர்களே, பாடநூல் திருந்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இனிக் "குவாண்டம் ஒளி" என்ற செய்தியை எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒளியின் வெளிச்சத்தை அளந்தார்களா, எண்ணிக்கையை எண்ணினார்களா? செய்து காட்டினார்களா, செய்யலாம் என்று கணக்கிட்டார்களா? எத்தனை முறை முயன்று எத்தனை முறை கிடைத்தது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத செய்தியை அடுத்த செய்தி வரும் வரை ஓரமாக வைத்துவிடலாம்.

என் வகுப்பில் எழுந்து நின்ற மாணவி இந்த மூன்றில் முதல் கேள்வியை யாரும் சொல்லித் தராமலே கேட்டுவிட்டாள். அன்று சிரித்த வகுப்பும், உட்கார வைத்த ஆசிரியனும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் வகுப்பில் அடுத்தவர் ஒருவர் இப்படி எழுந்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். "பாடத்தில் இல்லை" என்று ஆசிரியர் சொன்னால், "எங்கே இருக்கிறது, சார்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.